இரண்டாவது ரேடியோ மாற்று ஏற்பாடு ஆகாது

1944 செப்டம்பர் 19. நெதர்லாந்தின் ஆர்னெம் நகருக்கு மேலே பிரிட்டிஷ் விமானப்படையின் டகோட்டா விமானம் ஒன்று வந்துகொண்டிருந்தது. கீழே சண்டையில் இருந்த பாராசூட் வீரர்களுக்குத் தோட்டாக்களும் மற்ற சாமான்களும் போட வேண்டும். விமானி டேவிட் லார்ட். போகும் வழியிலேயே விமான எதிர்ப்புப் பீரங்கி தாக்கி, வலது இறக்கையில் தீப்பிடித்துவிட்டது. அவர் திரும்பிப் போகவில்லை. குறித்துக் கொடுத்த இடத்துக்கு மேலே பறந்து பெட்டிகளைப் போட வைத்தார். இரண்டு பெட்டிகள் மிச்சமிருக்கின்றன என்று தெரிந்ததும், எரிகிற விமானத்தோடு இன்னொரு சுற்று வந்தார். அதன்பிறகுதான் உள்ளே இருந்தவர்களைக் குதிக்கச் சொன்னார். இறக்கை முறிந்து விமானம் விழுந்தது. எட்டுப் பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். லார்டுக்கு மறைவுக்குப் பின் விக்டோரியா கிராஸ் விருது கொடுக்கப்பட்டது.

இதில் கொடுமை என்னவென்றால், அவர் பெட்டிகளைப் போட்ட இடம் அப்போது ஜெர்மானியர்களின் கையில் இருந்தது. "அந்த இடம் நம்மிடம் இல்லை, வேறு இடத்தில் போடுங்கள்" என்று கீழே இருந்தவர்கள் சொல்ல முயன்றார்கள். அந்தச் செய்தி நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. அன்று வந்த சாமான்களில் பெரும்பகுதி எதிரிக்குத்தான் கிடைத்தது.

வீரத்துக்கு அங்கே பஞ்சமில்லை. விமானங்களுக்கும் பஞ்சமில்லை. போய்ச் சேராதது ஒரு வரிச் செய்தி மட்டும்தான்.

ராணுவம் என்றதும் டாங்கி, ஏவுகணை, போர் விமானம் இவற்றைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். வயர்லெஸ் செட் வேலை செய்யாமல் போனால் என்ன செய்வது என்ற கேள்வியை யாரும் சுவாரசியமாக நினைப்பதில்லை. ராணுவங்களே பல சமயம் அப்படித்தான் இருந்திருக்கின்றன. கேட்டால், "மாற்று ஏற்பாடு இருக்கிறதே, இன்னொரு செட் வைத்திருக்கிறோமே" என்று பதில் வரும். இன்னொரு செட் இருப்பது வேறு, மாற்று ஏற்பாடு இருப்பது வேறு. இந்த வித்தியாசம் புரியாததால் போன உயிர்கள் ஏராளம்.

ஆர்னெமில் நடந்தது என்ன?

மார்க்கெட் கார்டன் என்ற பெயரில் நடந்த அந்த நடவடிக்கையின் திட்டம் இதுதான்: ஹாலந்தின் ஆறுகள், கால்வாய்களின் மேல் உள்ள பாலங்களைப் பாராசூட் படைகள் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும், தெற்கிலிருந்து டாங்கிகள் ஒரே சாலையில் வேகமாக வந்து சேர்ந்துகொள்ளும். கடைசிப் பாலம் ஆர்னெம். அதைப் பிடிக்கும் பொறுப்பு மேஜர் ஜெனரல் ராய் உர்கார்ட்டின் பிரிட்டிஷ் முதலாம் வான்வழிப் படைப்பிரிவுக்கு. செப்டம்பர் 17 அன்று அவர்கள் இறங்கிய இடமோ பாலத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருந்தது. நடுவில் மரங்கள் அடர்ந்த பகுதி, பிறகு வீடுகள் நெருக்கமான ஊர்.

அவர்கள் கொண்டுபோன வயர்லெஸ் செட்டுகள் அந்த தூரத்துக்கும் அந்த நிலத்துக்கும் போதாதவை. இது பிற்பாடு கண்டுபிடித்த உண்மை அல்ல. சிக்னல்ஸ் பிரிவின் இரண்டாம் நிலை அதிகாரியான மேஜர் ஆண்டனி டீன்-டிரம்மண்டுக்கு முன்கூட்டியே இதில் சந்தேகம் இருந்தது. ஆனால் டாங்கிகள் இரண்டே நாளில் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் எல்லோரும் அதைச் சகித்துக்கொண்டார்கள். போர் விமானங்களை உதவிக்கு அழைப்பதற்காக வந்திருந்த அமெரிக்கக் குழுக்களின் செட்டுகளும் சரியான அலைவரிசையில் பேசவில்லை.

விளைவு? இறங்கிய சில மணி நேரத்திலேயே ஜெனரலுக்குத் தன் படை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. பொறுக்க முடியாமல் ஜீப்பில் ஏறி அவரே தேடிக்கொண்டு கிளம்பினார். போன இடத்தில் ஜெர்மானியர்கள் சூழ்ந்துகொள்ள, ஒரு வீட்டின் பரண் அறையில் ஒளிந்திருக்க வேண்டியதாயிற்று. அவர் தலைமையகத்துக்குத் திரும்பியது 19-ஆம் தேதி காலை. ஒன்றரை நாளுக்கு மேல் ஒரு டிவிஷன் தலைவன் இல்லாமல் சண்டை போட்டது.

இன்னொரு கூத்தும் நடந்தது. தனக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பேற்க வேண்டும் என்ற வரிசையை உர்கார்ட் தன் தலைமை அலுவலரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார், அதுவும் கிளம்பும் சமயத்தில். அந்த வரிசையில் ஹிக்ஸ் முன்னால், ஹாக்கெட் பின்னால். ஆனால் பதவி மூப்பில் ஹாக்கெட் மேலே. விஷயம் தெரிந்ததும் இருவருக்கும் வாக்குவாதம். வெளியே பாலத்தின் வடக்கு முனையில் லெப்டினன்ட் கர்னல் ஜான் ஃப்ராஸ்டின் ஆட்கள் உதவிக்குக் காத்திருந்தபோது, உள்ளே யார் உத்தரவிடுவது என்ற சண்டை.

சுமார் 10,000 பேர் போன அந்தப் படையில், செப்டம்பர் 25 இரவு ஆற்றைக் கடந்து மீண்டவர்கள் சுமார் 2,400 பேர். இந்தத் தோல்விக்கு வயர்லெஸ் மட்டுமே காரணம் என்று சொல்வது நியாயமில்லை. தொலைவில் இறங்கியது, அங்கே ஜெர்மன் கவசப் படை இருந்தது, டாங்கிகள் தாமதமானது என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் ஒரு தவறைத் திருத்திக்கொள்ள வேண்டுமென்றால் அந்தத் தவறு நடந்தது என்ற செய்தியாவது வர வேண்டும். அது வராததால் ஒவ்வொரு தவறும் அப்படியே நின்றுவிட்டது.

பக்கத்திலேயே இருந்த டெலிபோன்

ஆர்னெம் பகுதியில் டச்சு மக்களின் டெலிபோன் இணைப்புகள் வேலை செய்துகொண்டுதான் இருந்தன. ஜெர்மானியருக்கு எதிரான டச்சு ரகசியப் போராளிகள் அதைப் பயன்படுத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். பிரிட்டிஷ் படை அதை ஒழுங்காகப் பயன்படுத்திக்கொள்ளவே இல்லை.

காரணம் முட்டாள்தனம் அல்ல, பயம். அதற்கு முன்பு, பிரிட்டன் நெதர்லாந்துக்கு அனுப்பிய உளவாளிகளை ஜெர்மானியர் வரிசையாகப் பிடித்து, அவர்களின் வயர்லெஸ் மூலமே பிரிட்டனை ஏமாற்றியிருந்தார்கள். அந்த அடி வாங்கியதால் டச்சுக்காரர்கள் யாரையும் நம்பக்கூடாது என்ற எண்ணம் ஊறிப்போயிருந்தது. எச்சரிக்கை சரிதான். ஆனால் "எந்தச் செய்தியை டெலிபோனில் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது, பேசுகிறவர் நம் ஆள்தானா என்று எப்படி உறுதி செய்வது" என்று கிளம்பும் முன்பே முடிவு செய்திருந்தால், அந்தப் பயத்தோடேயே அதைப் பயன்படுத்தியிருக்கலாம். முன்கூட்டி முடிவெடுக்காத ஒரு வழி, ஆபத்து நேரத்தில் கண்ணெதிரே இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

அதே களத்தில் இன்னொரு காட்சி. பாலத்தருகே இருந்த பீரங்கிப் படை அதிகாரி மேஜர் டென்னிஸ் மன்ஃபோர்டு, ஊஸ்டர்பேக்கில் இருந்த தன் பீரங்கிகளோடு வயர்லெஸ் தொடர்பு ஏற்படுத்திக்கொண்டார். அதனால் பாலத்தில் இருந்தவர்களுக்குப் பீரங்கி உதவி கிடைத்தது. ஆக ஆர்னெமில் எந்த வயர்லெஸும் வேலை செய்யவில்லை என்று பொதுவாகச் சொல்லப்படுவது சரியல்ல. சில வழிகள் திறந்திருந்தன. எது திறந்திருக்கிறது, எதன் வழியாக யாருக்கு என்ன அனுப்பலாம் என்பதை ஒருங்கிணைக்கும் திட்டம்தான் இல்லை.

ஒரே அடியில் இரண்டும் விழக்கூடாது

வீட்டுக் கதவுக்கு இரண்டு பூட்டுப் போட்டு, இரண்டு சாவியையும் ஒரே வளையத்தில் மாட்டினால் என்ன பயன்? வளையம் தொலைந்தால் இரண்டும் தொலைந்தன. இரண்டாவது ரேடியோவின் கதையும் அதுதான். மரமும் மேடும் முதல் ரேடியோவைத் தடுத்தால் இரண்டாவதையும் தடுக்கும். எதிரி அந்த அலைவரிசையில் இரைச்சலை நிரப்பினால் இரண்டும் சாகும். ஒரே மாதிரி பேட்டரி என்றால் இரண்டும் ஒரே நாளில் தீரும்.

1918 அக்டோபரில் பிரான்சின் ஆர்கான் காட்டில் மேஜர் சார்லஸ் விட்டில்சி தலைமையில் சுமார் 550 அமெரிக்க வீரர்கள் ஜெர்மானியரிடம் சிக்கிக்கொண்டார்கள். முதலில் அவர்கள் நம்பியிருந்தது செய்தி கொண்டு ஓடும் வீரர்களை. வழிநெடுகக் காவல் புள்ளிகள் வைத்து, ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குச் செய்தி கைமாறும். அந்தச் சங்கிலியை ஜெர்மானியர் அறுத்துவிட்டார்கள். ஆனால் விட்டில்சியிடம் கூண்டில் புறாக்கள் இருந்தன. தரையில் போகும் ஆளைத் தடுக்கும் வேலியும் துப்பாக்கியும், ஆகாயத்தில் போகும் புறாவை அதே மாதிரி தடுப்பதில்லை. சொந்தப் பீரங்கிக் குண்டுகளே தங்கள் மேல் விழுந்தபோது, கடைசியாக மிஞ்சிய புறாவின் காலில் சீட்டைக் கட்டி அனுப்பினார். அது போய்ச் சேர்ந்தது.

புறாவின் வீரத்தைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். கவனிக்க வேண்டியது வேறு. ஓடும் வீரர்களுக்கு மாற்றாக இன்னும் பத்து ஓடும் வீரர்களை வைக்காமல், வேறு வகையான வழியை வைத்திருந்தார்கள். முதல் வழியை அழிக்கும் காரணம் இரண்டாவதை அழிக்கக்கூடாது. இதுதான் மாற்று ஏற்பாட்டின் அரிச்சுவடி.

அமெரிக்க ராணுவம் இதற்காக ஒரு முறை வைத்திருக்கிறது. பேஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நான்கு படிகள்: முதல் வழி, அதற்கு மாற்று, அதுவும் போனால் சமாளிக்க ஒன்று, எல்லாம் போனால் கடைசி வழி. கேட்பதற்கு எளிது. ஆனால் காகிதத்தில் நான்கு வரி எழுதிவிட்டால் போதாது. அடுத்த படிக்கு எப்போது இறங்குவது என்பதும் எழுதியிருக்க வேண்டும். "இத்தனை நிமிடம் பதில் வராவிட்டால், கேட்காமலே எல்லோரும் இரண்டாவது வழிக்கு மாறுங்கள்" என்று நேரம் குறித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் இரண்டாவது வழியில் கூப்பிட்டுக்கொண்டிருப்பார், மற்றவர் முதல் வழியிலேயே காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரண்டு கருவிகளும் நன்றாக வேலை செய்யும். பேச்சு மட்டும் நடக்காது.

மாற்றே முதல் வழியாகும்போது

இதெல்லாம் புறாக் காலத்துக் கதை, இப்போது செயற்கைக்கோள் இருக்கிறதே என்று தோன்றலாம். உக்ரைனைப் பார்ப்போம்.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் உள்ளே நுழைவதற்குச் சற்று முன்பு, வயாசாட் நிறுவனத்தின் கேஏ-சாட் செயற்கைக்கோள் இணைய சேவையின் மீது கணினித் தாக்குதல் நடந்தது. செயற்கைக்கோளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தரையில் இருந்த ஆயிரக்கணக்கான மோடம்கள் ஒரே நேரத்தில் செயலிழந்தன. ஜெர்மனியில் சுமார் 5,800 காற்றாலைகளின் தொலைக் கண்காணிப்பு கூட இதனால் நின்றுபோனது. உக்ரைன் ராணுவமும் அந்தச் சேவையைப் பயன்படுத்தி வந்தது.

இரண்டு நாள் கழித்து உக்ரைன் அமைச்சர் மிகைலோ ஃபெடரோவ், ஸ்டார்லிங்க் கருவிகள் வேண்டும் என்று ட்விட்டரில் எலான் மஸ்க்கிடம் பகிரங்கமாகக் கேட்டார். சில நாட்களில் கருவிகள் வந்து இறங்கின. அதன்பிறகு போர்முனை முழுவதும் ஸ்டார்லிங்க் பரவியது. ட்ரோன் படம் பிடிப்பதைப் பின்னால் இருக்கும் அதிகாரி பார்ப்பது முதல் பீரங்கிக்குக் குறி சொல்வது வரை எல்லாமே அதன் வழியாக. மாற்றாக வந்தது முதல் வழியாகிவிட்டது.

2025 ஜூலை 24 அன்று ஸ்டார்லிங்க் உலகம் முழுவதும் சுமார் இரண்டரை மணி நேரம் நின்றுபோனது. எதிரி தாக்கியதால் அல்ல, நிறுவனத்தின் உள்ளே மென்பொருளில் ஏற்பட்ட கோளாறால். போர்முனை முழுவதும் இணைப்பு இல்லை என்று உக்ரைனின் ட்ரோன் படைத் தளபதி ராபர்ட் பிராவ்டி அறிவித்தார்.

ஸ்டார்லிங்க் வந்தது தவறு என்று யாரும் சொல்ல முடியாது. அது இல்லாவிட்டால் உக்ரைனின் நிலைமை மோசமாகியிருக்கும். ஆனால் மாற்று ஏற்பாடு முதல் வழியாக மாறிய நாளிலேயே இன்னொரு மாற்று தேட வேண்டும். நன்றாக ஓடுகிற வண்டிக்கு ஸ்டெப்னி எதற்கு என்று விட்டுவிடுவது மனித இயல்பு. திட்டமிடுபவரின் வேலை அந்த இயல்போடு சண்டை போடுவதுதான். அதே போரில் இரண்டு பக்கமும் பதுங்கு குழிகளுக்கு இடையே சோவியத் காலத்துக் கம்பி டெலிபோன்களை மறுபடி இழுத்தது தற்செயல் அல்ல. கம்பியில் போகும் பேச்சை அலைவரிசை இரைச்சலால் அமுக்க முடியாது. அது இருக்கும் இடத்தைத் தூரத்தில் இருந்து வாசம் பிடிக்கவும் முடியாது.

அதிகாரி யோசிக்காவிட்டால் சிப்பாய் யோசிப்பான்

மாற்று வழி கொடுக்காமல் விட்டால் சிப்பாய்கள் சும்மா இருப்பார்கள் என்று நினைத்தால் அது தப்புக்கணக்கு. அவர்களே ஒரு வழி கண்டுபிடிப்பார்கள். அது பெரும்பாலும் பையில் இருக்கும் செல்போன்.

போரின் முதல் மாதங்களில் ரஷ்ய வீரர்கள் பூட்டு இல்லாத திறந்த ரேடியோக்களிலும் சாதாரண செல்போன்களிலும் பேசியதை உலகமே ஒட்டுக்கேட்டது. 2023 புத்தாண்டு அன்று மாக்கீவ்காவில் ரஷ்ய வீரர்கள் தங்கியிருந்த கட்டடம் ராக்கெட் தாக்குதலில் தரைமட்டமானது. 89 பேர் இறந்ததாக ரஷ்யாவே ஒப்புக்கொண்டது. வீரர்கள் தடையை மீறிச் செல்போன் பயன்படுத்தியதுதான் முக்கியக் காரணம் என்று ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் சொன்னது. இறந்தவர்கள் தலையில் பழியைப் போடுகிறார்கள் என்று ரஷ்யாவுக்குள்ளேயே கோபம் எழுந்தது. அத்தனை பேரை ஒரே கட்டடத்தில் அடைத்து வைத்தவர் யார் என்ற கேள்வி நியாயமானதுதான்.

எது எப்படியோ, தடை போட்டால் மட்டும் ஒரு பழக்கம் நிற்காது. ஒழுங்கான வழி கையில் இருந்தால்தான் ஒழுங்கற்ற வழியை விடச் சொல்ல முடியும்.

எதிர்வாதங்கள்

"ஒரு சிப்பாய் எத்தனை கருவியைத்தான் சுமப்பான்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஏற்கனவே துப்பாக்கி, தோட்டா, தண்ணீர், கவசம், பேட்டரி என்று முதுகு ஒடிகிறது. ஆனால் நல்ல மாற்று வழிகள் பலவற்றுக்கு எடையே இல்லை. வண்ணப் புகையின் அர்த்தத்தை முன்பே பேசி வைத்துக்கொள்வதற்கு எத்தனை கிலோ? "தொடர்பு அறுந்தால் ஆறு மணிக்கு அந்தச் சாலைச் சந்திப்பில் ஆள் வருவான்" என்று முடிவு செய்வதற்கு எந்த பேட்டரி வேண்டும்?

"பழைய முறைகள் இந்தக் காலத்துக்கு மெதுவானவை" என்பது அடுத்த வாதம். 2002-இல் அமெரிக்கா மிலேனியம் சேலஞ்ச் என்ற மாபெரும் போர்ப் பயிற்சி நடத்தியது. எதிரியாக நடித்த அணிக்கு ஓய்வுபெற்ற மரைன் ஜெனரல் பால் வான் ரைப்பர் தலைவர். தன் மின்னணுத் தொடர்புகளை ஒட்டுக்கேட்பார்கள், முடக்குவார்கள் என்று தெரிந்து, அவர் மோட்டார் சைக்கிளில் ஆள் அனுப்பிச் செய்தி சொன்னார். விமானங்களைக் கிளப்ப விளக்குச் சைகை கொடுத்தார். பயிற்சிக் கணக்கில் அமெரிக்கத் தரப்பின் 16 கப்பல்கள் மூழ்கின. பிறகு விதிகளை மாற்றிப் பயிற்சியைத் தொடர்ந்தார்கள் என்பது தனிக்கதை. போய்ச் சேராத வேகமான செய்தியை விடப் போய்ச் சேரும் மெதுவான செய்தி மேல் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

உண்மையான தடை எடையோ வேகமோ அல்ல. ஒத்திகை பார்க்காததுதான். ஒத்திகையில் ரேடியோ அறுந்தால் அந்த நாளின் பயிற்சி கெட்டுப்போகும் என்று அதிகாரிகள் பயப்படுகிறார்கள். அதனால் பயிற்சியில் ரேடியோ எப்போதும் வேலை செய்கிறது. போரில் மட்டும் செய்வதில்லை. திடீரென்று ஒரு நாள் எல்லா செட்டையும் அணைத்துவிட்டு, "இப்போது சண்டையைத் தொடருங்கள்" என்று சொல்ல ஒரு தளபதிக்குத் துணிச்சல் வேண்டும். அந்த ஒரு நாள் அவமானம், பல நூறு உயிரைக் காக்கலாம்.

எல்லாம் அறுந்த பிறகு

நான்கு படிகளும் போய்விட்டால்? அதற்கும் ஒரு பதில் இருக்கிறது. அது கருவியில் இல்லை.

1805 அக்டோபரில் டிரஃபால்கர் சண்டைக்கு சுமார் இரண்டு வாரம் முன்பு, நெல்சன் தன் கப்பல் தலைவர்களுக்கு ஒரு குறிப்பு எழுதினார். சண்டையின் புகையில் கொடிச் சைகைகள் தெரியாமல் போகும் என்பதை அவர் முதலிலேயே ஒப்புக்கொண்டார். அதனால் தன் நோக்கம் என்ன என்பதை விளக்கி, சைகை தெரியாவிட்டால் எதிரிக் கப்பலை நெருங்கிப் போய் மோதுகிறவர் பெரிய தவறு செய்தவர் ஆகமாட்டார் என்ற பொருளில் அவர்களுக்குச் சுதந்திரம் கொடுத்தார். அக்டோபர் 21 அன்று நடந்த சண்டையில் அவரே சுடப்பட்டு விழுந்தார். ஆனாலும் சண்டை நிற்கவில்லை. ஒவ்வொரு தலைவருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தது.

இதை ஆர்னெமோடு ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். நெல்சன் தன் மனதில் இருந்ததைச் சண்டைக்கு முன்பே எல்லோருக்கும் பகிர்ந்து கொடுத்துவிட்டார். உர்கார்ட் அடுத்த தலைவர் யார் என்பதைக்கூட ஒரே ஒருவரிடம் வைத்துவிட்டுப் போனார்.

மாற்று ஏற்பாட்டுக்காகப் பணம் ஒதுக்கும்போது எந்த நாட்டு ராணுவமும் முதலில் கருவிப் பட்டியலைத்தான் நீட்டும். கேட்க வேண்டியவை வேறு கேள்விகள். இந்த வழி எதனால் அறும்? அதே காரணத்தால் அடுத்ததும் அறுமா? எப்போது மாறுவது என்று கடைசிச் சிப்பாய்க்கும் தெரியுமா? கடைசியாக எப்போது எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பயிற்சி செய்தீர்கள்? ஒன்றுமே இல்லாமல் போனால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறீர்களா?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாத ராணுவத்தில், இன்னொரு டேவிட் லார்ட் எரிகிற விமானத்தோடு இன்னொரு சுற்று வருவார். அவருடைய வீரத்தை உலகம் பாராட்டும். பெட்டிகள் மட்டும் எதிரியின் கையில் போய் விழும்.